பாங்காக்கில் பாவையைத் தேடியவர்கள்

திருநீர்மலையில் எம்பெருமான் நான்கு திருக்கோலங்களில் சேவை சாதிக்கிறான் என்பது வைஷ்ணவ சம்பிரதாயத்தில் சிறிதளவு பழக்கமுள்ளவர்களும் அறிந்த செய்தி. அடிவாரத்துக் கோயிலில் நீர்வண்ணனாக நின்றும், மலைமேல் நரசிம்மனாக அமர்ந்தும், அரங்கநாதனாகப் பள்ளிகொண்டும், உலகளந்த திரிவிக்கிரமனாக நடந்தும் அவன் காட்சி தரும் இத்தலத்தில் குடியிருக்கும் நாங்கள், இந்த நான்கில் நிற்பதையும் இருப்பதையும் கிடப்பதையும் நெடுநாட்களுக்கு முன்னரே நன்றாகக் கற்றுக்கொண்டோம். நடப்பதை மாத்திரம் அண்மைக் காலத்தில்தான் கற்றோம் என்று சொல்ல வேண்டும். இப்போதோ நடை மிஞ்சிவிட்டது. மலைப் படிகளின் உச்சியில் நின்று பார்த்தால் மீனம்பாக்கத்து ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானங்களும், அங்கிருந்து கிளம்பிக் கீழ்த்திசையில் மறையும் விமானங்களும் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் போய் வந்தவர் இல்லாத வீடு குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பம்மலிலும் இன்று அரிது. மகன் டல்லாஸில் இருக்கிறான், மகள் மெல்போர்னில் இருக்கிறாள், கோடை விடுமுறைக்கு சிங்கப்பூர், திருமண நாளுக்கு பாலி என்று, ஒரு காலத்தில் காஞ்சிபுரம் போய் வந்ததைச் சொன்ன அதே சாவதானத்தோடு, நம்மவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிதேசம் போய் வருவது மனிதனுடைய மனத்தை விசாலப்படுத்தும் என்ற அபிப்பிராயம் எல்லோருக்கும் உண்டு. அதைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள்தாம் சிலர். உடம்பைப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தூக்கிச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், உள்ளே இருக்கும் மனமும் அதே அளவு பிரயாணம் செய்திருக்கும் என்று கருதுவதற்கு ஆதாரம் என்ன? நான் அறிந்த சிலர் பல தேசங்களைக் கண்டு, போகும்போது கொண்டுபோன அபிப்பிராயங்களில் ஒன்றையும் இழக்காமல் பத்திரமாகத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. எந்தப் பிரயாணம் மனத்தைத் திறக்கிறது, எது திறப்பதில்லை என்பதைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்பதே நோக்கம்.

கடல் கடப்பதே பாபம் என்று கருதிய காலம் ஒன்றிருந்தது. கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேவாசா என்ற கப்பலில் ஏறுவதற்குள் வீட்டிலும் உறவிலும் எழுந்த தடைகளும், ஏறுவதற்கு முன் அவருடைய குடுமி கத்தரிக்கப்பட்டதும், கேம்பிரிட்ஜில் போய்த் தம் கையாலேயே சமைத்துண்டு அவர் பட்ட அவதியும் யாவரும் அறிந்தவை. அந்தத் தடையை நியாயப்படுத்த யாராலும் முடியாது. ஆயினும் அதற்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குள் ஓர் உண்மையும் இருந்தது. அக்கரைக்குப் போனவன் அதே மனிதனாகத் திரும்ப மாட்டான் என்று அந்தப் பழைய மனிதர்கள் மெய்யாகவே நம்பினார்கள். இன்றைக்குச் சுற்றுலா நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்தால், போன மனிதனே அணுவளவும் மாறாமல் திரும்புவான் என்பதற்குத்தான் உத்தரவாதம் அளிக்கப்படுகிறது: கூடவே வரும் சமையற்காரர், காலையில் இட்லி, இரவில் ரசம் சாதம், தமிழ் பேசும் வழிகாட்டி, ஐந்து நாட்களில் மூன்று நகரங்கள். திருமங்கையாழ்வார் இம்மலைக்கு வந்தபோது சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தமையால், அது வடியும் வரை ஆறு மாத காலம் காத்திருந்து சேவித்தார் என்பது எங்கள் தல வரலாறு. காத்திருக்கத் தெரிந்த அந்த யாத்திரிகரை ஐந்து நாளில் மூன்று நகரம் பார்ப்பவர்களோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். இருந்தாலும் படியேறும்போதெல்லாம் நினைவு வந்துவிடுகிறது.

தமிழில் பிரயாணம் என்ற விஷயத்தைப் பேசத் தொடங்கினால் ஏ. கே. செட்டியாரைத் தொடாமல் மேலே போக இயலாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்து, ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தி, புகைப்படக் கலை பயில டோக்கியோவுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் சென்ற அவர், 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் ‘சமாரியா’ என்ற கப்பலில் இருக்கையில், காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டார். கையில் பெரிய முதல் இல்லை. பின்னால் அரசாங்கம் இல்லை. அந்நிய ஆட்சியின் கண்ணுக்கு அது உவப்பான காரியமும் அன்று. உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, ஐம்பதினாயிரம் அடி நீளமுள்ள படத்தைத் திரட்டி, அதிலிருந்து தொகுத்த செய்திப்படத்தை 1940-இல் சென்னையில் வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற நூலின் பெயர், பிற்காலத்தில் வேறு வடிவில் வெள்ளித்திரைக்கும் பொருந்தியதை நண்பர்கள் அறிவார்கள்.

செட்டியாரின் பிரயாணக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, அவற்றில் ஆசிரியர் மிகக் குறைவாகவே தென்படுகிறார் என்பதுதான். இன்றைய பிரயாண எழுத்தில் ஈபிள் கோபுரத்தை மறைத்துக்கொண்டு எழுதியவர் நிற்கிறார். செட்டியாரோ கதவைத் திறந்துவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கிறார். சின்னச் சின்ன வாக்கியங்கள், எதிர்ப்பட்ட எளிய மனிதர்கள், அவர்கள் செய்த உபகாரம், அவர்களுடைய பழக்கவழக்கம், அவ்வளவுதான். இந்த அடக்கம் அவருடைய சுபாவத்தினால் வந்தது என்பது ஒரு பாதி. மற்றொரு பாதி, அவர் மேற்கொண்ட காரியத்தினால் வந்தது என்று நான் நினைக்கிறேன். படச்சுருள் ஒன்று யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, முன்பின் அறியாத ஒருவருடைய வாசலில் போய் நின்று, தாம் வந்த நோக்கத்தைச் சொல்லி, அவர் மனம் இரங்குவாரா என்று காத்திருக்க வேண்டிய நிலையில் இருந்தவர் அவர். கேட்டுப் பெற வேண்டியவனாகப் போகிறவனுக்குத்தான் அயல்நாட்டு மனிதன் மனிதனாகத் தெரிகிறான். காசு கொடுத்து வாங்குகிறவனாகப் போகிறவனுக்கு அவன் பரிசாரகனாகவும் ஓட்டுநனாகவும் மாத்திரமே தெரிகிறான். அந்தப் படத்துக்காக அலைந்த கதையைச் செட்டியாரே பிற்காலத்தில் தம் ‘குமரி மலர்’ இதழில் எழுதினார்; அது ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகக் கிடைக்கிறது. வெளிநாட்டுக்கு விமானச்சீட்டு வாங்கியவர்கள் சாமான் பட்டியலோடு இந்நூலையும் சேர்த்துக்கொள்வது நலம்.

நிற்க. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பாங்காக்கைப் பற்றி.

மார்கழி மாதத்தில் திருநீர்மலையில் விடியலுக்கு முன்னரே திருப்பாவை ஒலிபெருக்கியில் எழுந்துவிடும். அந்த மாதத்தின் பிற்பகுதியில்தான் எங்கள் பக்கத்துச் சிலரோடு சேர்ந்து தாய்லாந்துக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே போகிறோம் என்றவுடனே எங்கள் குழுவில் பெரும்பாலோருக்கு ஒரே ஆவல்: பாங்காக்கில் திருப்பாவை ஓதுகிறார்களாமே, அதைப் பார்க்க வேண்டும் என்பது. இச்செய்தி நம் நாட்டில் மேடைதோறும் சொல்லப்படுவது. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1913-இல் பிறந்து, ரோமாபுரியில் கல்வி பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்று, உலகெங்கும் தமிழின் பொருட்டு அலைந்த தனிநாயகம் அடிகள் முதலிய அறிஞர்கள் இதைப் பரவலாக எடுத்துச் சொன்னார்கள். சயாம் அரசவையைச் சார்ந்த பிராமணர்கள் ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களை ஒட்டி நடத்தும் திரியம்பவாய், திரிபவாய் என்ற விழாவின் பெயர்களிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிக்கின்றன. அங்கே ஓதப்படுபவற்றில் நம் பாசுரங்களும் திருமுறைகளும் உருத்திரிந்து கலந்திருப்பதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் முதலில் போனது சுதத் விகாரத்தின் எதிரே நிற்கும் பேரூஞ்சலைப் பார்க்கத்தான். சிவப்பு வர்ணம் பூசிய இரண்டு பெரிய தேக்குத் தூண்கள், அவற்றின் தலைப்பில் சித்திர வேலைப்பாடுள்ள குறுக்குச் சட்டம். ஊஞ்சற் பலகை இல்லை. 1784-இல் முதலாம் ராமர் என்று வழங்கப்படும் அரசர் காலத்தில் நாட்டப்பட்டு, பல முறை பழுது பார்க்கப்பட்டு, 2007-இல் புதிய மரங்களால் மீண்டும் எழுப்பப்பட்டது அது. முன்னாளில் விழாவின்போது இளைஞர்கள் அதில் வானளாவ ஆடி, எதிரே மூங்கிலின் உச்சியில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்விப் பறிப்பார்களாம்; விழுந்து இறந்தவர்களும் உண்டு. 1935-ஆம் ஆண்டோடு ஊஞ்சலாட்டம் நின்றது. பக்கத்துத் தேவஸ்தானத்தில், சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் உள்ள மூன்று சந்நிதிகளில், வெள்ளுடை தரித்துப் பின்கொண்டை முடிந்த பிராமணர்கள் நடத்தும் பூஜை மட்டும் இன்றும் தொடர்கிறது.

எங்கள் குழுவில் குரோம்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். ஊஞ்சலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எல்லாம் நம்ம ஆண்டாள் சமாசாரந்தான், சார். இங்கே கொண்டுவந்து நட்டு வச்சிருக்கா, அவ்வளவுதான்” என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்து, பேருந்தில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தாய்லாந்துப் பெண்மணிக்கு அந்த ஊஞ்சலைப் பற்றி எவ்வளவோ சொல்ல இருந்தது. தெரிந்த பதிலை வைத்துக்கொண்டு வந்திருந்த எங்களிடம் கேள்வியே இல்லாமையால், சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

மறுநாட் காலை அவளிடம் நானாகக் கேட்டேன். அவள் சொன்னது இது. பூமி படைக்கப்பட்ட பிறகு அது உறுதியாக இருக்கிறதா என்பதைப் பார்க்கச் சிவபெருமான் இறங்கி வருகிறார். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, நாகங்களை மலைக்கு மலை ஊசலாடச் செய்கிறார். அவை எவ்வளவு ஆடியும் பூமி அசையவில்லை. தூண்கள் மலைகள், ஆடுகிற இளைஞர்கள் நாகங்கள், சிவபெருமானுடைய ஸ்தானத்தில் அரசாங்க அதிகாரி ஒருவர் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, ஆட்டம் முடியும் வரை அமர்ந்திருப்பார். ஆண்டுதோறும் சிவன் பூலோகத்துக்கு விருந்தினராக வந்து சில நாள் தங்கிப் போகிறார். அவர் போன பின் நாராயணன் வருகிறார்.

இந்தக் கதை நம்மிடம் இல்லை. ஆண்டாளுடைய நோன்பில் பூமியின் உறுதி பரீட்சிக்கப்படுவதில்லை. மார்கழி நீராட்டில் நாகங்கள் ஊசலாடுவதில்லை. நம்முடைய ஓசை அங்கே போய்ச் சேர்ந்து, அவர்களுடைய நினைவுகளோடும் பயங்களோடும் கலந்து, வேறொரு தேசத்தின் வழிபாடாக வளர்ந்து நிற்கிறது. நம்முடையது எதுவோ அதை அடையாளம் கண்டவுடனே நாம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அவர்களுடையது ஆரம்பமாவதோ சரியாக அந்த இடத்தில்தான். வெளிதேசம் போகும் தமிழனுக்கு, இட்லி கிடைக்கவில்லை என்ற குறையைவிட, போன இடமெல்லாம் தன்னையே காண்கின்ற இந்த மயக்கம்தான் பெரிய இடையூறு என்பது என் கட்சி. அங்கோர்வாட்டில் சோழனையும், கெடாவில் ராஜேந்திரனையும், பாலியில் நம் பாட்டியின் பூஜையறையையும் கண்டு பெருமிதத்தோடு திரும்பிவிடுகிறோம். கெமர் ஜனங்களும் மலாய் ஜனங்களும் பாலித்தீவினரும் நம் புகழுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களாகி நிற்கிறார்கள்.

இதில் பெருமை கூடாதென்று சொல்லவில்லை. தனிநாயகம் அடிகள் லிஸ்பனில் 1554-ஆம் ஆண்டில் அச்சான தமிழ் வினாவிடை நூலை உலகறியச் செய்தவர். தமிழ்ச் சுவடுகளைத் தேடிப் போனவர்களில் அவருக்கு நிகர் யார்? ஆனால் அவர் தம் பிரயாண நூலுக்கு ‘ஒன்றே உலகம்’ என்று பெயர் வைத்தார். ‘எங்கும் நாமே’ என்று வைக்கவில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்துவதில் முன்னின்றபோதும், பிற நாட்டு அறிஞர்கள் தம் கண்களால் தமிழைப் பார்த்துச் சொல்வதைக் கேட்கவே அவர் மேடை அமைத்தார். சுவடு தேடுகிறவன் பிறருடைய நிலத்தையும் பார்க்கத் தெரிந்தவனாக இருந்தால் தேடுதல் எவ்வளவு பயனுள்ளதாகும் என்பதற்கு அவரே உதாரணம்.

ஒப்புமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்று சொல்லுகிறேன். போ விகாரத்தில் நாற்பத்தாறு மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் பொன் வேய்ந்த புத்தரைக் கண்டதும், திருநீர்மலைக்காரனாகிய எனக்கே மலைமேல் இருக்கும் அரங்கன் நினைவு வந்தான். குழுவில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “பள்ளிகொண்ட பெருமாளேதான்” என்றார். தோற்றத்தில் உண்மை. பொருளிலோ இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நம் அரங்கன் துயில்வது யோக நித்திரை. உலகைக் காப்பதற்காக உறங்காமல் உறங்குவது. அந்தப் புத்தர் கிடப்பது பரிநிர்வாண வேளை. இனிப் பிறப்பும் இல்லை, காப்பும் இல்லை என்று எல்லாவற்றையும் விட்டு நீங்கும் தருணம். முத்துச்சிப்பி பதித்து நூற்றெட்டு மங்கலக் குறிகள் காட்டிய அப்பாதங்களின் அருகே நின்ற தாய்லாந்துக் கிழவி ஒருத்தி என்ன நினைத்து வணங்கினாள் என்பதை அறிய, அரங்கனை எனக்குத் தெரிந்திருந்தது ஒரு வகையில் உதவி. மற்றொரு வகையில் தடை. தெரிந்ததைச் சற்றே ஒதுக்கி வைக்க நேர்ந்தபோதுதான் எதிரே இருப்பது கண்ணில் பட்டது.

பிரம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூலோகத்தில் கோயில் இல்லாமற் போகக் கடவது என்று புராணம் நம் நாட்டில் அவருக்கு விதித்துவிட்டது. அவரோ பாங்காக்கின் நடுவீதியில், 1956-இல் ஒரு ஹோட்டல் கட்டும்போது நேர்ந்த விபத்துகளுக்குப் பரிகாரமாக எழுப்பப்பட்ட சிறு மண்டபத்தில், காலைமுதல் இரவுவரை ஜன சமுத்திரத்தின் நடுவில் வீற்றிருக்கிறார்! வேண்டுதல் பலித்தவர்கள் பணம் கட்டி நாட்டியமாடச் செய்கிறார்கள். நம் வீட்டில் மதிப்பில்லாத மூத்த பிள்ளை அயலூரில் போய்ப் பெரிய மனிதரானதுபோல இருந்தது எனக்கு.

ஆயினும் அந்தப் பிரயாணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோயில்கள் அல்ல, விடியற்காலைத் தெரு. காவியுடுத்த பிக்ஷுக்கள் வெறுங்காலோடு வரிசையாக வருகிறார்கள். வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு அவர்களுடைய பாத்திரத்தில் அன்னமிடுகிறார்கள். பிக்ஷு நன்றி சொல்வதில்லை. கண்களைத் தாழ்த்தி ஆசீர்வதித்துவிட்டு நடக்கிறார். நன்றியோடு கும்பிடுகிறவன் கொடுத்தவனே. புண்ணியம் சேர்க்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்ததற்காக, வாங்கியவருக்கு அவன் கடமைப்படுகிறான். நம் நாட்டிலும் பிக்ஷை உண்டு. உபநயனத்தில் ஒரு நாள் சடங்காக மிஞ்சியிருக்கிறது. ஆனால் நம் வாசற்படியில் கொடுக்கிறவன் மேலே நிற்கிறான், வாங்குகிறவன் கீழே நிற்கிறான். இதுதான் இயற்கை என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போன்ற இயற்கை அன்று, நாம் ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு என்பதும், அதையே தலைகீழாக ஏற்படுத்திக்கொண்டு ஒரு தேசம் நெடுங்காலம் சௌக்கியமாக வாழ முடியும் என்பதும், புத்தகத்தில் படித்தால் தலைக்குள் போகும். அந்தத் தெருவில் நின்று பார்த்தால் உடம்புக்குள் போகிறது. வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு நான் கொடுக்கக்கூடிய உயர்ந்த சான்றிதழ் இவ்வளவே.

மனிதர் போகாமல் பண்டங்கள் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. திருநீர்மலைக்கு வெகு அருகில் அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நெய்த, ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்று வர்த்தகத்தில் வழங்கிய கட்டம் போட்ட துணி, கடல் கடந்து நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர்தான் கைக்குட்டை, அளவிலோ உடுத்தும் துணி. அந்நாட்டின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி என்ற ஜனக்கூட்டத்தார் சென்னைத் துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்து, தங்கள் வாழ்வின் முக்கியமான வைபவங்களில் உடுத்துவதும், இறந்தவரைக் கிடத்தும் அறையை அத்தகைய துணிகளால் அலங்கரிப்பதும் வழக்கம். அவர்கள் அதை அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. கூரிய கத்தியால் சில இழைகளை அறுத்து உருவி, நாம் நெய்த கட்டத்துக்குள் தங்களுக்குரிய புதிய சித்திரத்தை உண்டாக்குகிறார்கள்; அப்படிச் செய்த பிறகே அது அவர்களுடைய துணி ஆகிறது.

நம் ஊர் நெசவாளி இழை சேர்த்தான். நைஜீரியப் பெண் இழை பிரித்தாள். பல தலைமுறைக் காலம் ஒரே துணியை இருவரும் கையாண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. தன் கைப்பட நெய்தது அக்கரையில் ஒரு மூதாட்டியின் இறுதிச் சடங்கில் மரியாதைச் சின்னமாக விரிகிறது என்பதை அறிந்திருந்தால் அந்த நெசவாளியின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்! நடுவில் இருந்த ஏற்றுமதிக் கணக்கேடுகளுக்கு அளவும் விலையும் போதுமானவையாக இருந்தன. 1970-களுக்குப் பின் அந்த வியாபாரம் நலிந்து, தறிகளும் குறைந்துபோயின.

உலகத்தைப் பார்க்க நாம் போனதுபோல, உலகமும் நம்மிடம் வந்ததுண்டு. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் ஒரு கல்லைக் குனிந்தெடுத்து, இது மனிதன் செதுக்கிய பழைய கற்கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்கே அது தோற்றுவாய் ஆயிற்று. நம் முன்னோர் எத்தனையோ காலம் மிதித்து நடந்த கல்தான்; அயலூர்க் கண்ணுக்கு அது பேசியது. 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் மறு வருஷம் டிசம்பரில் உலகக் கிறிஸ்தவ ஊழிய மாநாடு கூடியது. ஏறக்குறைய எழுபது நாடுகளிலிருந்து நானூற்றெழுபது பேருக்கு மேல் வந்தார்கள். சீனாவில் ஹாங்சௌ நகரில் கூட வேண்டிய மாநாடு அது. ஜப்பான் சீனாவின் மேல் தொடுத்த யுத்தத்தினால் இங்கு மாற்றப்பட்டது. அந்த யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, சீனரும் ஜப்பானியரும் தாம்பரத்துக் காட்டுமரங்களின் நிழலில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு தேசத்தாருக்கும் அந்நியமான ஓர் ஊர் தேவைப்பட்டிருக்கிறது. அது நம் ஊராக இருந்தது.

இன்றும் உலகம் வந்துகொண்டுதான் இருக்கிறது. விமானத்தில் அல்ல, ரயிலில். நாகல்கேணித் தோல் பட்டறைகளிலும், பம்மல் பல்லாவரத்து உணவு விடுதிகளிலும், புறவழிச்சாலையை ஒட்டி எழும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் ஒடிசா, பிஹார், அஸ்ஸாம் தேசத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஐரோப்பாவில் ஏழு நாடு பார்த்துவிட்டு வந்த ஒரு நண்பர், தமக்குத் தினமும் தோசை கொண்டுவந்து வைக்கும் பையனை ‘ஹிந்திக்காரன்’ என்று அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் அவனை விசாரித்தேன். அவன் அஸ்ஸாமில் கோக்ராஜார் பக்கத்துப் போடோ; அவன் தாய்மொழிக்கும் ஹிந்திக்கும் உறவே இல்லை; ஹிந்தி அவனுக்கும் நம்மைப் போலவே வேலைக்காகப் பொறுக்கிக்கொண்ட பாஷைதான். தறியில் நெய்வது அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும் என்றும், அவன் அம்மா நெய்த துணி ஒன்று பெட்டியில் இருக்கிறதென்றும் சொன்னான். நண்பர் அருகிலேதான் இருந்தார். “அப்படியா?” என்றார், பிறகு சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவருடைய கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளைப் பற்றி எனக்கு இருந்த மரியாதை அன்றோடு குறைந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். அனகாபுத்தூரிலும் சுற்றுப்புறத்திலும் அந்த நைஜீரியத் துணியை நெய்த குடும்பத்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், வீட்டிலுள்ள முதியவர்களை உட்காரவைத்து, எந்த எண் நூல், என்ன சாயம், எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், ஒரு துணிக்கு என்ன கூலி, அது எங்கே போகிறதென்று அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பெட்டியில் பழைய துண்டு ஒன்று கிடந்தால் அதையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.